மாமனும் மருமகனும் ஒரு வாளும்

இரவு பதினொரு மணி இருக்கும். தங்கச்சிமடத்தில் எங்கள் தெரு உறங்கிவிட்டது. கடற்காற்றில் பனைமட்டைகள் உரசிக்கொள்ளும் ஒலியன்றி வேறு அரவம் இல்லை. அவ்வேளையில் என் வீட்டுப் பின்னறையிலிருந்து வாளோடு வாள் மோதும் ஓசை எழுந்தது. ஒரு குதிரை கனைத்தது. எவனோ ஒருவன் வேற்று மொழியில் அலறி வீழ்ந்தான். எழுந்து சென்று கதவைத் திறந்தேன். விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டியின் முன் தரையில் அமர்ந்திருந்தான் என் மருமகன்.

“என்னடா இது, இந்த நேரத்துல வெட்டும் குத்தும்?”

“விளையாட்டு, மாமா. கொஞ்சம் உக்காந்து பாருங்க. இதுவும் ஒரு தாய்மாமன், மருமகன் கதைதான்.”

அந்த ஒரு சொல்தான் என்னை உட்கார வைத்தது.

அவன் என் அக்காளின் மகன். அவனுக்கு ஒன்பது வயதானபோது அவன் தகப்பனார் கடலுக்குச் சென்றவர் கரை திரும்பவில்லை. அன்று முதல் அவன் என் வீட்டுப் பிள்ளை. நான் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அவனும் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, கரையில் நிலையாக நிற்கும் ஒரு வேலையில் அமர வேண்டும் என்பது என் ஆசை. அவனோ, படிப்பு முடிந்ததும் சென்னைக்குச் சென்று, இத்தகைய விளையாட்டுகளுக்குக் காட்சி வரையும் கலையைக் கற்க வேண்டும் என்று சொல்லி, அதற்கான விண்ணப்பத்தை என் மேசைமேல் வைத்துவிட்டான். நான் அதைப் பிரித்துப் பாராமலே ‘கூடாது’ என்றேன். அவன் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் மூன்று மாதமாக எங்களிடையே பேச்சுக் குறைந்திருந்தது.

அன்றிரவு தொடங்கி ஏறத்தாழ ஒரு மாத காலம், நாள்தோறும் சிறிது நேரம், அந்த விளையாட்டை நான் பார்த்தேன். பின்னர் நானே ஆடினேன். அறுபது கடந்த விரல்கள் முதலில் பணியவில்லை. ஆடி முடித்தபின் எனக்குத் தோன்றியவற்றையே இங்கு எழுதுகிறேன். விளையாட்டை விற்பதும் என் வேலையன்று. காணாமலே பழிப்பதும் முறையன்று.

தீவும் படையெடுப்பும்

விளையாட்டின் பெயர் ‘கோஸ்ட் ஆப் சுஷிமா’. ‘சுஷிமாவின் ஆவி’ என்று பொருள் கொள்ளலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ‘சக்கர் பஞ்ச்’ என்னும் நிறுவனம் இதனை ஆக்கியது. சோனி நிறுவனம் 2020 ஜூலை 17 அன்று பிளேஸ்டேஷன் பொறிக்காக இதனை வெளியிட்டது. முதல் மூன்று நாட்களிலேயே 24 இலட்சம் படிகள் விற்றன. 2024 மே மாதம் முதல் கணினியிலும் ஆடக் கிடைக்கிறது.

சுஷிமா என்பது கற்பனைத் தீவன்று. சப்பானுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட நீரிணையில் இன்றும் இருக்கும் தீவு. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து கொரியக் கரை கண்ணுக்குத் தெரியும். அரிச்சல்முனையில் நின்று, அக்கரையில் தலைமன்னார் இருக்கிறது என்று கைநீட்டிக் காட்டும் நமக்கு, இத்தகைய தீவின் வாழ்வை எவரும் விளக்க வேண்டியதில்லை. நீரிணையில் இருக்கும் தீவுக்கு வணிகமும் முதலில் வரும். பகையும் முதலில் வரும்.

1274ஆம் ஆண்டு மங்கோலியப் பேரரசர் குப்ளாய்கான், நூற்றுக்கணக்கான கப்பல்களில் மங்கோலிய, கொரியப் படைகளைச் சப்பான்மீது ஏவினார். அப்படை முதலில் இறங்கியது சுஷிமாவின் கொமோடாக் கடற்கரையில். தீவின் தலைவர் சோ சுகெகுனி, ஏறத்தாழ 80 குதிரை வீரரோடு எதிர்த்து நின்று மாண்டார் என்பது வரலாறு வழங்கும் செய்தி. படை பின்னர் இக்கித் தீவையும் தாக்கி, ஹகாட்டா விரிகுடாவில் இறங்கிப் போரிட்டு, பின்வாங்கியது. 1281இல் மறுமுறை வந்த பெருங்கப்பற்படையைப் புயல் சிதறடித்தது. அந்தப் புயலுக்குச் சப்பானியர் இட்ட பெயரே ‘கமிகாசே’. ‘தெய்வக் காற்று’ என்பது அதன் பொருள்.

இந்த வரலாற்றின் ஓர் இழையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் கற்பனையால் நெய்திருக்கின்றனர். கதையின் தலைவன் ஜின் சகாய் என்னும் இளம் போர்வீரன். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தவன். அவனை வளர்த்து வாள் பயிற்றுவித்தவர், தீவை ஆளும் தாய்மாமன் ஷிமுரா பிரபு. ‘பகைவனை நேர் நின்று எதிர்கொள், உயிரை எடுக்க நேர்ந்தால் அவன் கண்ணைப் பார்த்து எடு, முதுகில் குத்தாதே’ என்பது மாமன் கற்பித்த பாடம்.

கதையின் தொடக்கக் காட்சியிலேயே அப்பாடத்துக்குச் சோதனை வந்துவிடுகிறது. கொமோடாக் கரையில் அடாச்சி என்னும் முதிய வீரர் தனித்து முன்சென்று, அரச மரபுப்படி பகைவரின் தலைவனை ஒற்றைக்கு ஒற்றை போருக்கு அழைக்கிறார். கொதுன்கான் என்னும் அத்தலைவன் வாளை உருவவில்லை. எரியும் நீரை அவர்மேல் எறிந்து, தீயிட்டு, தலையைத் துணிக்கிறான். அறப்போர் அறியாப் பகைவனிடம் அறப்போர் நிகழ்த்தச் சென்றோர் அன்றே மாள்கின்றனர். மாமன் சிறைப்படுகிறார். உயிர் பிழைத்த ஜின்னை யூனா என்னும் திருட்டுத் தொழிற்பெண் காப்பாற்றுகிறாள். மாமனை மீட்க வேண்டும். தீவை மீட்க வேண்டும். கையில் இருப்பதோ ஒற்றை வாள். இங்கிருந்துதான் ஆட்டம் நம் கைக்கு வருகிறது.

பொறுமையே வாள்

நான் சிறுவனாக இருந்தபோது திருவிழா இரவுகளில் கூத்துப் பார்ப்பதுண்டு. மரத்தால் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய வாள்கள், பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் மின்னும். கதையின் முடிவை ஊரே அறியும். ஆயினும் விடியும்வரை ஊரே விழித்திருக்கும். கூத்தில் நாம் மணலில் அமர்ந்து பார்ப்போம். இவ்விளையாட்டிலோ வேடங்கட்டி மேடையில் நிற்பவரும் நாமே. அரசன் ஆத்திரப்பட்டு அடி தவறினால் அது நம் விரலின் ஆத்திரம்.

வாட்போரை இவர்கள் அமைத்துள்ள விதம் மெச்சத்தக்கது. கண்மூடித்தனமாகப் பொத்தானை அமுக்குவோன் சில நொடிகளில் வீழ்வான். பகைவன் அடிக்க ஓங்கும் கணத்தை நோக்கியிருந்து தடுக்க வேண்டும். தடுத்த கணத்திலேயே திருப்பியடிக்க வேண்டும். வாள் ஏந்தியவனுக்கு ஒரு நிலை, கேடயம் தாங்கியவனுக்கு ஒரு நிலை, ஈட்டிக்காரனுக்கு ஒரு நிலை, பேருருவ வீரனுக்கு ஒரு நிலை என நான்கு வகை நிற்றல் உண்டு. அவற்றிற்குக் கல், நீர், காற்று, திங்கள் என்று பெயரிட்டிருக்கின்றனர். சிலம்பம் பழகியவர்க்கு இது புதிதன்று. காலடி வைக்கும் முறையில் கம்பின் வெற்றி இருக்கிறது என்று நம் ஊர் ஆசான்மார் சொல்வதும் இதனையே.

எனக்கு மிகவும் பிடித்தது, கூட்டமாய் நிற்கும் பகைவரை அறைகூவி அழைக்கும் முறை. ஒருவன் முன்வருவான். நாம் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். அவன் பொய்யாக அசைந்து ஏமாற்றுவான். பதறி விரலை எடுத்தால் வெட்டு நமக்கு. அவன் உண்மையாகவே பாயும் நொடியில் விடுத்தால் ஒரே வீச்சில் அவன் கதை முடியும். முதல் வாரத்தில் நான் பத்து முறை அழைத்தால் ஏழு முறை தோற்றேன். “அவசரப்படாதீங்க மாமா” என்று மருமகன் சிரித்தான். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு நான் சொன்ன சொல் அது!

வழி காட்டும் முறையும் அழகியது. மற்ற விளையாட்டுகளில் திரையின் மூலையில் ஒரு வரைபடம் சுழன்றுகொண்டே இருக்குமாம். இதில் அஃதில்லை. செல்ல வேண்டிய திசையில் காற்று வீசுகிறது. புல் சாய்கிறது, இலைகள் பறக்கின்றன, அவற்றைப் பின்தொடர்ந்தால் போதும். வாடைக்காற்றையும் சோழகக் காற்றையும் பார்த்துப் பாய் விரித்த கரைக்காரனுக்கு இதைக் கண்டதும் உள்ளம் குளிர்ந்துவிடும். என் அக்காள் ஒரு நாள் கதவருகே நின்று பார்த்து, “காத்தைக் கேட்டுப் போறானா? நல்ல பிள்ளை” என்று சொல்லிச் சென்றாள். நெடு நேரம் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நஞ்சு திரும்பி வந்த கதை

கதையின் நடுவே மாமனை மீட்டுவிடுகிறான் மருமகன். ஆனால் அதற்குள் அவன் மாறியிருக்கிறான். இருளில் பதுங்குகிறான், பின்புறமாகச் சென்று கொல்கிறான். வேறு வழியில்லை என்பதும் மெய். வீரரெல்லாம் மாண்டபின் ஒருவன் எப்படிப் படையை நேர் நின்று வெல்வான்? ‘உங்கள் மானம் ஊர் மக்களைக் காப்பாற்றவில்லையே’ என்பதே யூனாவின் வழக்கு. பசித்தவள் பேசும் வழக்கு அது. எளிதில் தள்ளிவிட முடியாது.

மாமனின் கோட்டையைப் பகைவர் பிடித்துக்கொள்கின்றனர். நேரடியாகப் பாலத்தின்மேல் படை செலுத்தினால் நூற்றுக்கணக்கானோர் மடிவர். மாமன் அதற்கே ஆயத்தமாகிறார். மருமகனோ இரவோடிரவாக உள்ளே புகுந்து, பகைவர் பருகும் புளித்த குதிரைப்பாலில் நஞ்சைக் கலந்துவிடுகிறான். கோட்டை கைக்கு வருகிறது. தம் வீரர் ஒருவரும் சாகவில்லை. ஆனால் நுரை தள்ளிக் கிடக்கும் உடல்களைக் கண்டு மாமன் கலங்குகிறார். ‘பழியை அந்தத் திருட்டுப் பெண்மேல் சுமத்திவிடு, உன்னைக் காத்துக்கொள்கிறேன்’ என்கிறார். மருமகன் மறுக்கிறான். நேர்மையைக் கற்பித்தவர் பொய் சொல்லச் சொல்கிறார். நஞ்சிட்டவன் பொய் சொல்ல மறுக்கிறான். இதில் எவர் பக்கம் நியாயம்? ஒரு முழு நாள் இதனைப் பற்றியே நானும் மருமகனும் வாதிட்டோம். மூன்று மாதங்களுக்குப் பிறகு நாங்கள் மனம்விட்டுப் பேசிய பேச்சு அதுவே.

கதை அத்துடன் நிற்கவில்லை. அந்த நஞ்சைச் செய்யும் முறையைப் பகைவர் கற்றுக்கொள்கின்றனர். பின்னர் அதே நஞ்சு தீவின் எளிய மக்கள்மேல் பாய்கிறது. தன் கையால் ஈந்த ஆயுதம் தன் மக்களைக் கொல்வதைக் கண்ணால் காண்கிறான் தலைவன். கதையின் உயிர்நிலை இதுவென்பேன். நல்ல நோக்கத்துக்காகக் கையிலெடுத்த கொடிய கருவி, நோக்கத்தை அறியாது. அது எந்தக் கைக்கும் போகும்.

கிளைக்கதைகளும் இதே கேள்வியைப் பல கோணத்தில் கேட்கின்றன. குடும்பம் முழுவதையும் பறிகொடுத்துப் பழிவாங்கப் புறப்படும் மசாகோ அம்மையார், இறுதியில் அக்கொலைகளின் பின்னே தம் உடன்பிறந்தாளே இருப்பதைக் காண்கிறார். இளமைத் தோழன் ரியூஸோ, தன் ஆட்களின் பட்டினியைத் தீர்க்கப் பகைவனோடு சேர்கிறான். அவனைக் கயவன் என்று ஒரே சொல்லில் ஒதுக்க மனம் வரவில்லை. ஜின்னை வளர்த்த செவிலித்தாய் யூரிகோ, நினைவு தவறிய நிலையில் அவனை அவன் தந்தையென்றே எண்ணி, பேசிக்கொண்டே உயிர் விடுகிறாள். வாள் ஒன்றும் சுழலாத அந்தக் காட்சியில்தான் என் மருமகன் எழுந்து வெளியே போனான்.

சில குறைகள்

குறை கூறாவிடின் மதிப்புரை முழுமை பெறாது. முதலாவது, வரலாறு. 1274இல் சப்பானியப் போர்வீரரின் தலையாய படைக்கலம் குதிரைமேலிருந்து எய்யும் வில். வாளையே உயிராகப் போற்றும் வழக்கும், விளையாட்டில் அடிக்கடி உச்சரிக்கப்படும் போர்வீர அறத்தின் ஒழுங்கான வடிவமும் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. தலைவன் மரநிழலில் அமர்ந்து புனையும் மூவடிப் பாட்டு வடிவமும் அவ்வாறே. இதைப் பாடநூலாகக் கொள்ளுதல் கூடாது.

இரண்டாவது, திரும்பத் திரும்ப ஒரே பணி. பகைவர் பாசறையை மீட்டல், அடுத்ததை மீட்டல், அதற்கடுத்ததை மீட்டல் என்று நடுப்பகுதி சலிப்பூட்டுகிறது. முதன்மைக் கதையை மட்டும் முடிக்கவே ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். தீவின் மூலை முடுக்கெல்லாம் திரிந்தால் அதற்கு இருமடங்குக்கு மேலும் செல்லும்.

மூன்றாவதே பெருங்குறை. மறைந்து கொல்வது தவறா என்று கதை கேட்கிறது. ஆனால் ஆட்டமோ மறைந்து கொல்வதற்கே பரிசளிக்கிறது. புகைக்குண்டு, எறிகத்தி, நஞ்சு அம்பு எனப் புதுப்புதுக் கருவிகளை வழங்கி, நம்மைக் கண்ட பகைவர் அஞ்சி மண்ணில் விழுந்து தவழ்வதைக் காட்டி மகிழ்விக்கிறது. நான் பிடிவாதமாக ஒவ்வொரு பகைவனையும் நேர் நின்றே எதிர்த்தேன். ஆயினும் கதை என்னையும் ‘ஆவி’ என்றே அழைத்தது; நஞ்சையும் என் கையாலேயே கலக்க வைத்தது. கேள்வி கேட்பவர், விடை சொல்லவும் இடம் தர வேண்டுமன்றோ? இறுதிவரை அவர்கள் அந்த இடத்தைத் தரவில்லை. ஒரே ஓர் இடம் நீங்கலாக. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

பெற்றோர்க்கு ஒரு சொல். இது சிறுவர்க்கான விளையாட்டன்று. குருதியும் தலை துணித்தலும் தீயிட்டுக் கொல்லலும் இதில் உண்டு. அமெரிக்கத் தர வாரியம் இதனை 17 வயது நிரம்பியோர்க்கும், ஐரோப்பிய வாரியம் 18 வயது நிரம்பியோர்க்கும் உரியதென வரையறுத்துள்ளன. கடையில் வாங்கித் தரும் முன் உறையின்மேல் உள்ள அந்த எண்ணைப் பாருங்கள். வளர்ந்த பிள்ளை ஆடினால், கதவைச் சாத்திவிட்டுப் போகாமல், ஒரு நாளேனும் அருகில் அமர்ந்து பாருங்கள். அவன் எதைக் கண்டு சிரிக்கிறான், எங்கே எழுந்து போகிறான் என்பதை அப்பொழுதுதான் அறிய முடியும்.

கடலில் வீழ்ந்த தோரணவாயில்

விளையாட்டு வெளிவந்த இரண்டு மாதங்களுக்குள், 2020 செப்டம்பரில், உண்மையான சுஷிமாத் தீவைச் சூறாவளி தாக்கியது. அங்குள்ள வதட்சுமி என்னும் பழமையான கோவிலின் முன் கடலில் நிற்கும் தோரணவாயில்களில் ஒன்று சரிந்து வீழ்ந்தது. அதனை மீண்டும் எழுப்ப 50 இலட்சம் யென் தேவையென்று பொதுமக்களிடம் வேண்டினர். வந்து சேர்ந்ததோ 2 கோடியே 70 இலட்சம் யென்னுக்கும் மேல். கொடுத்தவருள் பலர் அத்தீவில் கால் வைத்தறியாதவர். திரையில் மட்டும் அதன் மண்ணில் குதிரை செலுத்தியவர். 2021 மார்ச்சில், விளையாட்டை இயக்கிய நேட் பாக்ஸ், ஜேசன் கானல் இருவரையும் தீவின் சுற்றுலாத் தூதுவராக அந்நகராட்சி அறிவித்தது.

இச்செய்தியை மருமகன் சொன்னபோது நான் வேறொரு புயலை நினைத்தேன். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் தொடர்வண்டியை அலை அடித்துச் சென்றது. எங்கள் குடும்பம் தனுஷ்கோடிக் குடும்பம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகத் தாய் என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு தங்கச்சிமடத்துத் தம் பிறந்தகம் வந்திருந்தார், அதனால் பிழைத்தோம். கூரையிழந்து நிற்கும் அக்கோவிலின் சுவரை இன்று காண்போர் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். அங்கே தெரு இருந்தது, அஞ்சலகம் இருந்தது, பள்ளி இருந்தது, கப்பலுக்குக் காத்திருப்போர் கூட்டம் இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

“நம்ம தனுஷ்கோடியை இதே மாதிரி வரைஞ்சு, உள்ள நடந்து போற மாதிரி செஞ்சா எப்படி இருக்கும் மாமா?” என்றான் அவன். “பாட்டி வீட்டு வாசல்ல போய் நிக்கலாம்.”

நான் விடை சொல்லவில்லை. வாள் கதைக்கும் நம் மண்ணில் பஞ்சமில்லை. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துச் சுவர்களில் சேதுபதியின் படையும் தஞ்சை மராத்தியர் படையும் இன்றும் ஓவியமாய்ப் பொருதுகின்றன. 1801இல் மருது சகோதரர் காளையார்கோவில் காட்டை அரணாக்கி, ஆங்கிலேயர் படையை எதிர்த்தனர். நேர்ப்போரா, மறைப்போரா என்ற வினா அவர்க்கும் எழுந்திருக்கும். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளமகன் துரைசாமி கடல் கடந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டான். ஓரியூரின் செம்மணலுக்கு மக்கள் இன்றும் செல்வது, 1693இல் அங்கு வெட்டிய வாளைத் தேடியன்று. வெட்டுண்ட அருளானந்தரைத் தேடி. வாளைப் பற்றி நம் கரை அறிந்த உண்மைகளை நாமன்றோ சொல்ல வேண்டும்? புனே நகரத்து இளைஞர் சிலர், ‘நாடிங் ஹெட்ஸ்’ என்னும் சிறு நிறுவனமாகக் கூடி, தம்பியை மீட்கப் போராடும் ‘ராஜி’ என்னும் பெண்ணின் கதையை 2020இல் விளையாட்டாக்கி உலகுக்கு அளித்தனர். அதில் கதை நகரும் இடங்கள் நிழற்பாவைக்கூத்துப் பாங்கில் அமைந்தவை. முடியாத செயல் அன்று என்பதற்கு அதுவே சான்று.

இறுதிக் கேள்வி

கொதுன்கான் வீழ்ந்தபின் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. தலைநகரத்து ஆட்சியாளரிடமிருந்து ஆணை வருகிறது. அரச மரபை மீறிய ஜின்னின் தலையைக் கொய்ய வேண்டும். கொய்ய வேண்டியவர் அவன் மாமன். தந்தையர் புதைந்த இடத்தருகே, சிவந்த இலைகள் உதிரும் மரத்தடியில், இருவரும் வாளேந்தி நிற்கின்றனர். இருவர் கண்ணிலும் நீர்.

அன்று கன்ட்ரோலர் என் கையில் இருந்தது. நான் மருமகனாக நின்று, நரைத்த தாய்மாமனோடு பொருதேன். அருகே என் மருமகன் அமர்ந்திருந்தான். நெடு நேரப் போருக்குப் பின் மாமன் குற்றுயிராய் மண்டியிட்டு, ‘வீரனுக்குரிய சாவை எனக்குத் தா’ என்று வேண்டுகிறார். அங்கேதான், கதை முழுவதிலும் முதன்முறையாக, தேர்ந்தெடுக்கும் உரிமையை நமக்குத் தருகின்றனர். கொல்லலாம், விட்டுவிடலாம். கொன்றால் மாமனின் மானம் நிலைக்கும். விட்டால் அவர் அவமானத்தோடு வாழ்வார். நம்மை வேட்டையாடவும் கூடும்.

விரல் அசையவில்லை. திரையில் இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. மானம் பெரிது என்று வகுப்பறையில் எத்தனை முறை பேசியிருப்பேன்! ஆனால் அந்த முதியவர் கேட்பது என்ன? தம் கொள்கையின் பளுவை, தாம் வளர்த்த பிள்ளையின் கையால் சுமக்கக் கேட்கிறார். செத்தவர் ஒரு கணத்தில் செத்துவிடுவார். கொன்றவனன்றோ காலமெல்லாம் அக்கையோடு வாழ வேண்டும்? நான் விட்டுவிடும் பொத்தானை அழுத்தினேன். தலைவன் முகமூடியை அணிந்து நடந்து போனான்.

“நீ ஆடினபோது என்ன செஞ்சே?” என்று கேட்டேன்.

சற்றுத் தயங்கினான். “கொன்னுட்டேன், மாமா.”

“ஏன்டா?”

“அவரு கேட்டாரு. வளர்த்தவரு கேக்கறப்ப மாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

அவன் குரலில் குறையில்லை, குத்தலும் இல்லை. பணிவுதான் இருந்தது. அப்பணிவே என்னை நடுங்க வைத்தது. தனக்கு வேண்டாத ஒன்றை, தன் நெஞ்சை முறிக்கும் ஒன்றை, நான் கேட்டால் அவன் செய்துவிடுவான். ‘கூடாது’ என்ற என் ஒரு சொல்லுக்கு அவன் எதிர்ச்சொல் பேசாததும் இதனாலேயே. அவன் வாய் திறவாததை நான் இசைவென்று கொண்டிருந்தேன்.

இந்த விளையாட்டைப் பற்றி என் கருத்து என்னவென்று கேட்பீர்களாயின், இதையே சொல்வேன். வாள் வீச்சில் வல்லது. நடுவில் சற்று நீளமானது. தான் கண்டிப்பதையே தான் சுவைக்கும் குறையும் உடையது. ஆயினும் ஒரு முதியவனும் ஓர் இளைஞனும் ஒரே திண்ணையில் அமர்ந்து, ஒருவர் இடத்தில் மற்றவர் நின்று பார்க்க அது இடம் தந்தது. நல்ல கதை செய்யும் தொண்டு அதுதான். தனித்துக் கதவடைத்து ஆடுவோனுக்கு இது வெறும் வெட்டும் குத்துமாகவே முடியக்கூடும்.

அவனைச் சென்னைக்கு அனுப்புவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. செலவும் உண்டு, அக்காளின் அச்சமும் உண்டு, ஒரே பிள்ளை. ஆனால் மறுநாள் காலை, மூன்று மாதமாக மேசைமேல் கிடந்த அந்த விண்ணப்பத்தை எடுத்து, கண்ணாடி அணிந்து, முதல் வரியிலிருந்து படித்தேன். நான்காம் பக்கத்தில், ‘நீங்கள் வரைய விரும்பும் இடம் எது?’ என்று ஒரு வினா இருந்தது. அதற்கு நேரே, நான் கற்பித்த கையெழுத்தில், தனுஷ்கோடி என்று எழுதியிருந்தான்.